கடலோர ஆதி மனிதர் என்ன தின்றார் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

வடசென்னையில் காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் ஆதிமனிதனைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று காதில் விழும். "மனுசன் பொறந்த நாள்லேர்ந்து மீன் புடிச்சிட்டுத்தான் இருக்கான், இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?" என்பது ஒன்று. மற்றது வாட்ஸ்அப் சரக்கு: அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டுப் பழமையான கல் கருவி கிடைத்தது, அந்த ஊர்ப் பக்கம் ஓடும் கொசஸ்தலை ஆறு எண்ணூரில்தான் கடலில் கலக்கிறது, ஆகவே 15 லட்சம் ஆண்டுக்கு முன்பே எண்ணூரில் மீன்பிடித் தொழில் இருந்தது!

பள்ளிப் பாடமோ நேர் எதிர். ஈட்டியோடு நாலு பேர், நடுவில் ஒரு யானை, அதுதான் ஆதிமனிதன். கடல் என்ற ஒன்று இருந்ததாகவே அந்தப் படத்தில் தெரியாது.

இந்த மூன்றுமே ஒரு கேள்வியைத் தாண்டிக் குதித்து ஓடுகின்றன. எழுத்து வருவதற்கு முந்தைய காலத்தைத்தான் வரலாற்றுக்கு முந்தைய காலம் என்கிறோம். எழுதி வைக்காத ஒருவர் என்ன தின்றார், எப்படிப் பிடித்தார் என்பது நமக்கு எப்படித் தெரியும்? பதில் ரொம்ப எளிமையானது, கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். அவர்கள் கொட்டிய குப்பையிலிருந்துதான்.

ஞாயிற்றுக்கிழமைக் குப்பைக் கூடை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் பக்கத்து வீடு ஒன்றின் குப்பைக் கூடையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் நண்டு மசாலா, நெத்திலி வறுவல், வஞ்சிரம் துண்டு, சுறாப் புட்டு, கடம்பா (கணவாய்) தொக்கு எல்லாம் ஆகியிருக்கிறது. கூடையை ஒரு குழியில் கொட்டி மூடிவிட்டு, சில ஆயிரம் ஆண்டு கழித்துத் திறந்தால் என்ன இருக்கும்?

நண்டின் கொடுக்கு இருக்கலாம், கெட்டியானது. நெத்திலியை முள்ளோடு மென்று விழுங்கியாகிவிட்டது, தப்பி விழுந்த ஓரிரு முள்ளும் கடுகளவுதான். வஞ்சிரத்தின் தலை வீட்டுக்கே வரவில்லை, மார்க்கெட்டிலேயே வெட்டியவரிடம் நின்றுவிட்டது. சுறாவுக்கு நம்மைப் போன்ற எலும்பு கிடையாது, காது மடலில் இருப்பது மாதிரியான குருத்தெலும்புதான், அது மக்கிப்போய் பல்லும் முதுகுத் தண்டின் சில வட்டுகளும் மட்டும் மிஞ்சும். கடம்பாவிலும் தேடி எடுக்கும்படி பெரிதாக எதுவும் இருக்காது. ஆக, அந்தக் குழியைத் தோண்டுபவர் "இவர்கள் நண்டு மட்டுமே தின்று வாழ்ந்த மக்கள்" என்று எழுதிவிட்டுப் போய்விட முடியும்.

கடலோரத் தொல்லியலில் முக்கால்வாசி வேலை இந்த ஏமாற்றத்தைச் சரிக்கட்டுவதுதான். தின்றது வேறு, கொட்டியது வேறு, மக்காமல் மிஞ்சியது வேறு, தோண்டும்போது கண்ணில் பட்டது வேறு. கடைசிப் படியிலிருந்து முதல் படிக்குத் திரும்பி ஏற வேண்டும்.

கிளிஞ்சல் மேடு

அந்தக் காலக் குப்பையில் மிக நன்றாகத் தப்பிப் பிழைப்பது சிப்பி ஓடு. ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாகச் சிப்பி தின்று ஓட்டைப் போட்டுப் போட்டு உயர்ந்த குவியலைக் கிளிஞ்சல் மேடு என்போம். டென்மார்க்கின் எர்டபோல என்ற ஊரில் ஒன்று சுமார் 140 மீட்டர் நீளம் கிடக்கிறது. ஆளி, மட்டி என்ற சிப்பி வகைகளின் ஓடுகளோடு மீன் முள், சாம்பல், உடைந்த பானை எல்லாம் கலந்து, ஆறாயிரம் ஆண்டுக்கும் மேல் பழமையானது. இப்படிப்பட்ட மேடுகள் கடல் ஒதுக்கியவை என்றே முதலில் பலர் நினைத்தார்கள். 1848 முதல் ஒரு விலங்கியலாளர், ஒரு நிலவியலாளர், ஒரு தொல்லியலாளர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஆராய்ந்த பிறகுதான் இது மனிதர் சாப்பிட்டுப் போட்டது என்பது உறுதியானது. ஜப்பானில் தோக்கியோ அருகே ஓமோரியில் 1877-இல் அமெரிக்க விலங்கியலாளர் எட்வர்ட் மோர்ஸ் தோண்டியதும் இதே வகை. நம் வங்காள விரிகுடாவிலும் உண்டு: அந்தமான் தீவுகளில் பல மேடுகள் இருக்கின்றன, அவற்றில் சௌல்தாரி என்ற இடத்து மேட்டின் வயது சுமார் 2,200 ஆண்டு.

இந்த மேடுகள் தொல்லியலாளருக்குப் பொக்கிஷமாக இருப்பதற்கு ஓட்டின் வேதியியல் ஒரு காரணம். கிளிஞ்சலைச் சுட்டால் சுண்ணாம்பு என்பது நமக்குத் தெரிந்ததுதானே, அந்தக் காலத்து மதராஸ் வீடுகளின் பளபளப்புச் சுவர்ப்பூச்சே கிளிஞ்சல் சுண்ணாம்பில் செய்ததுதான். ஓடு கால்சியம் கார்பனேட். எலும்பைத் தின்று தீர்ப்பது மண்ணின் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை. ஓடு மெல்லக் கரைந்து அந்தப் புளிப்பை அடித்துவிடுகிறது. அதனால் வெறும் மண்ணில் காணாமல் போகும் மீன் முள்ளும் மனித எலும்பும் கிளிஞ்சல் மேட்டுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டு அப்படியே இருக்கும்.

கடல் போட்டதா, மனுசன் போட்டதா?

இங்கேதான் நம் பக்கத்து ஆட்கள் அதிகமாகக் குழம்புகிறார்கள். பழவேற்காடு ஏரியின் சேற்றுக்கடியில் கிளிஞ்சல் படுகைகள் உண்டு, சுண்ணாம்புக்காக அதை வாரியதும் உண்டு. வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினால் ஓடு வரும், உடனே ஒரு போட்டோ, "ஆதிமனிதன் வாழ்ந்த இடம்" என்று ஒரு பதிவு. அவசரப்படக் கூடாது. அங்கேயே பிறந்து அங்கேயே செத்த சிப்பிகளின் இயற்கைப் படுகையும் உண்டு, அதுதான் அதிகம்.

பிரித்துப் பார்க்கும் முறை சுவாரசியமானது. இயற்கைப் படுகையில் குஞ்சு, பெரிசு எல்லா அளவும் கலந்திருக்கும், இறைச்சியே இல்லாத பொடி நத்தைகளும் சரிசமமாகக் கிடக்கும். ஓட்டின் விளிம்பு அலையில் உருண்டு மழுங்கியிருக்கும், அல்லது இரண்டு மூடியும் ஒட்டியபடி உயிரோடு இருந்த நிலையிலேயே புதைந்திருக்கும். மனிதன் கொட்டியது அப்படி இராது. சேற்றில் கை விட்டுத் தடவுகிறவர் தின்னத் தகுந்த அளவைத்தான் எடுத்து வருவார், பொடியை விட்டுவிடுவார், ஆகவே ஓடுகள் பெரும்பாலும் ஓர் அளவுக்கு மேல், ஒன்றிரண்டு வகை மட்டுமே. மூடிகள் திறந்து தனித்தனியாகக் கிடக்கும், சிலதில் நெம்பிய வடு இருக்கும், சிலது தீயில் கருகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், நடுவில் கரி, சாம்பல், கல் சில்லு, பானை ஓடு, நிலத்து விலங்கின் எலும்பு. கடல் தானாக அடுப்பு மூட்டாது.

அந்த ஓட்டின் அளவிலிருந்தே இன்னொன்றும் தெரியும். மேட்டின் அடியில் பெரிய ஓடு, மேலே வர வர சின்ன ஓடு என்றால், வளர விடாமல் வாரிக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம் (கடல் சூடு மாறியதும் காரணமாக இருக்கலாம், அதைத் தனியாகச் சோதிப்பார்கள்). அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. கனடாவின் மேற்குக் கரையில் தாழ்நீர் மட்டத்தில் கல் வரப்பு கட்டி, மணல் தங்கவிட்டு, மட்டி பெருகும் பரப்பையே அகலப்படுத்தியிருக்கிறார்கள். அவற்றில் பழையவை 3,500 ஆண்டுக்குக் குறையாதவை. ஆதி மக்கள் கிடைத்ததைப் பொறுக்கித் தின்றார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த வரப்பைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

இதுவரை பார்த்தது: குப்பைதான் சாட்சி, ஆனால் அது பாதிதான் சொல்லும். கிளிஞ்சல் மேடு எலும்பையும் காப்பாற்றித் தருகிறது. குவியலைக் கண்டதும் முடிவுக்கு வராமல், அளவு, வகை, கரி ஆகியவற்றைப் பார்த்துத்தான் மனிதர் போட்டதா என்று சொல்ல வேண்டும்.

மேடு பெரிசென்றால் சிப்பிதான் சாப்பாடா?

இல்லை. மலை மாதிரி ஓட்டைப் பார்த்து ஏமாறுவது ரொம்ப சுலபம். சிப்பியில் எடை எல்லாம் ஓட்டில்தான், சதை ஒரு வாய்க்குக் காணாது. பிரிட்டன் தொல்லியலாளர் ஜெஃப்ரி பெய்லி 1970-களில் ஒரு கணக்குப் போட்டார்: ஒரு செம்மானின் இறைச்சி தரும் சக்திக்கு ஈடாக வேண்டுமென்றால் 52,000-க்கும் மேற்பட்ட ஆளிகளைத் தின்ன வேண்டும். மானின் எலும்பை ஒரு சாக்கில் கட்டிவிடலாம், அந்த ஆளி ஓடுகளைப் போட ஒரு மைதானமே வேண்டும்.

அதற்காகச் சிப்பி ஒன்றுமில்லாதது என்று ஆகிவிடாது. மானைத் துரத்தி வெறுங்கையோடு திரும்பும் நாள் உண்டு, சிப்பி எங்கும் ஓடாது. வயதானவர், பிள்ளைகள், கைக்குழந்தைக்காரர் எவரும் போய் எடுக்கலாம், மற்றது கிடைக்காத பருவத்தில் அதுதான் கை கொடுக்கும்.

மீன் தலைக்குள் ஒரு நாட்குறிப்பு

கத்தாழை மீனின் தலையைக் குழம்பிலிருந்து எடுத்து, மண்டையைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். மூளைக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக, பீங்கான் துண்டு போல வெள்ளையாக இரண்டு கல் வந்து விழும். சிறுபிள்ளையில் இதைச் சேர்த்து விளையாடியவர்கள் நம் பக்கம் நிறைய. எலும்புள்ள மீன் எல்லாவற்றுக்கும் இது உண்டு, பலதில் கண்ணுக்கே தெரியாது, கத்தாழை இனத்துக்கு நன்றாகப் பெரிசு. உட்காதில் இருந்து மீனுக்குச் சமநிலையும் ஓசையும் தெரியவைக்கும் இந்தக் கல்லுக்குச் செவிக்கல் என்று பெயர்.

மீன் வளர வளர இந்தக் கல்லில் படலம் படலமாக ஏறிக்கொண்டே போகும். குறுக்கே மெல்லிசாக இழைத்து நுண்ணோக்கியில் வைத்தால் வளையங்கள் தெரியும். குளிரும் சூடும் மாறி மாறி வரும் கடல்களில் வருஷ வளையம் நன்றாகப் பிரியும், நம் போன்ற சூடான கடலில் அவ்வளவு தெளிவாக இராது. வளையத்திலிருந்து மீனின் வயது கிடைக்கும். கல்லின் வடிவம் ஒவ்வொரு மீன் வகைக்கும் தனித்தனி என்பதால் என்ன மீன் என்பதும் தெரியும், கல்லின் அளவைக் கொண்டு மீன் எவ்வளவு நீளம் என்றும் கணக்கிடலாம்.

இதை வைத்து ஒரு அழகான வேலை நடந்தது. ஸ்காட்லாந்து அருகே ஒரன்சே என்ற குட்டித் தீவு, அதில் சுமார் 6,000 ஆண்டுப் பழைய கிளிஞ்சல் மேடுகள் பல. அங்கே கிடைத்த ஒரே வகை மீனின் செவிக்கற்களை மேடு மேடாக அளந்தார்கள். அந்த மீன் முதல் ஓரிரு வருஷத்தில் சடசடவென்று வளரும், ஆகவே கல்லின் அளவே பிடித்த மாதத்தை ஏறக்குறையக் காட்டிக்கொடுக்கும். பார்த்தால் ஒவ்வொரு மேட்டிலும் வெவ்வேறு அளவு. பொடித் தீவுதான், ஆனாலும் பருவத்துக்கு ஒரு மேடு என்று இடம் மாற்றி மாற்றிக் கொட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம், சல்லடை. மண்ணைக் கையால் கிளறி எடுத்தால் பெரிய மீனின் முதுகெலும்புதான் அகப்படும். நெத்திலி அளவு மீனின் எலும்பைப் பிடிக்க மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் தண்ணீர் விட்டு அலச வேண்டும். பழைய அகழாய்வுகள் பலவற்றில் இதைச் செய்யவில்லை, அந்த அறிக்கைகளைப் படித்தால் ஆதி மனிதன் பெரிய மீன் தவிர எதையும் தொடாதவன் மாதிரித் தெரியும்.

தின்றவர் எலும்பைக் கேட்பது

குப்பை பொய் சொல்லலாம், உடம்பு அவ்வளவாகச் சொல்லாது. ஒரே தனிமத்தின் அணுக்களில் எடை கொஞ்சம் கூடியதும் குறைந்ததும் இருக்கும், அவற்றுக்கு ஐசோடோப்பு என்று பெயர். கடலில் உருவாகும் உணவில் கனமான கார்பனின் பங்கு பெரும்பாலான நிலத் தாவரங்களைவிடச் சற்றுக் கூடுதல். நாம் தின்பதுதான் நம் எலும்பாகிறது, ஆகவே எலும்பில் மிஞ்சிய புரதத்தைப் பிரித்து அளந்தால் அவர் பல ஆண்டு காலம் எங்கிருந்து சாப்பிட்டார் என்பது தெரியும். கனமான நைட்ரஜனோ உணவுச் சங்கிலியில் ஒவ்வொரு படி ஏறும்போதும் கூடும். கடலில் படிகள் அதிகம் (பாசியைப் பொடி உயிர் தின்ன, அதைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன என்று நீளும்), அதனால் பெரிய மீனோ கடல்நாயோ தின்றவர் எலும்பில் அது எகிறி நிற்கும்.

டென்மார்க்கில் 1981-இல் இப்படி அளந்தபோது, விவசாயம் வருவதற்கு முந்தைய கடலோர மக்களின் எலும்பு கடல் உணவைக் காட்டியது, விவசாயம் வந்த பிறகு சட்டென்று நிலத்து உணவுக்கு மாறியது. கடல் அப்படியேதான் இருந்தது, தட்டுதான் மாறியது.

நம் ஊரில் இந்தச் சோதனையைச் செய்தால் ஒரு சிக்கல் வரும். கம்பு, கேழ்வரகு, சோளம் மூன்றும் கார்பனைப் பிடிக்கும் விதம் நெல்லைப் போல அல்ல, அவற்றிலும் கனமான கார்பன் கூடுதல். கார்பனை மட்டும் பார்த்தால் கேழ்வரகுக் கூழ் குடித்தவரும் கடல் மீன் தின்றவரும் ஒரே மாதிரி இருப்பார்கள்! (கூழும் கருவாடும் சேர்த்தே சாப்பிடும் ஊரில் கேட்கவே வேண்டாம்.) அதனால்தான் நைட்ரஜனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "ஐசோடோப்பு சொல்லிவிட்டது" என்று யாராவது ஒற்றை எண்ணைக் காட்டினால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள்.

எலும்பு சொல்லும் இன்னொரு சாட்சி காதில் இருக்கிறது. குளிர்ந்த நீரில் அடிக்கடி முங்குகிறவர்களின் காதுக் குழாய்க்குள் எலும்பு மேடு கட்டும். வட சிலியின் பழங்கால கடலோர மக்களின் மண்டையோடுகளில் இது நிறைய. அவர்கள் கரையில் நின்று பொறுக்கியதோடு நிற்கவில்லை, தண்ணீருக்குள் போய் எடுத்தார்கள் என்பதற்கு அந்தக் காது ஆதாரம்.

சுருக்கமாக: ஓடும் முள்ளும் எதைக் கொட்டினார்கள் என்று சொல்கின்றன, செவிக்கல் எந்தப் பருவத்தில் என்று சொல்கிறது, மனித எலும்பு உண்மையில் எதைத் தின்று வாழ்ந்தார்கள் என்று சொல்கிறது. மூன்றும் ஒத்துப் போனால்தான் நம்பலாம்.

சாப்பாட்டோடு முடியவில்லை

கடல் உயிர் என்றால் குழம்பு மட்டுமே நினைவுக்கு வருவது நம் பழக்கம். அந்த மக்களுக்கு அது இரும்புக் கடையும் நகைக் கடையும் கூட. கிழக்குத் திமோரின் ஜெரிமலாய் குகையில் ஓட்டை இழைத்துச் செய்த தூண்டில் முள் கிடைத்தது, 16,000 முதல் 23,000 ஆண்டு வரை பழையது. ஓகினாவாவின் சகிதாரி குகையிலும் அதே வகை, சுமார் 23,000 ஆண்டு. இத்தாலியின் மோஷெரினி குகையில் நியாண்டர்தால் மனிதர்கள் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) மட்டி ஓட்டின் விளிம்பைச் சீவிக் கத்தி மாதிரி பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த ஓடுகளில் ஒரு பகுதி அலையில் தேயாமல் இருந்தது, ஆகவே கரையில் பொறுக்கியதல்ல, கடலடியிலிருந்து உயிரோடு எடுத்தது என்று சொல்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் ஒரு லட்சம் ஆண்டுக்கு முன்பு பெரிய கடல் நத்தை ஓட்டைக் கிண்ணமாக வைத்து, காவிக்கல்லைக் குழைத்துச் சாயம் கலந்திருக்கிறார்கள். மொராக்கோவின் பிஸ்முன் குகையில் துளையிட்ட சின்னச் சோழிக்கு ஒப்பான ஓட்டு மணிகள், 1,42,000 ஆண்டுக்குக் குறையாதவை. வயிற்றுக்குச் சம்பந்தமே இல்லாத பொருள். "நான் இன்னார்" என்று பார்ப்பவருக்குச் சொல்ல மாட்டிக்கொண்டது.

நமக்கு நெருக்கமானது சங்கு. பாகிஸ்தானின் மெஹர்கரில், கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே, புதிய கற்காலக் கல்லறைகளில் கடல் ஓட்டு நகைகள் இருந்தன. பிறகு சிந்து சமவெளிக் காலத்தில் கட்ச் வளைகுடா ஓரம் நாகேஷ்வரில் சங்கை வட்ட வட்டமாக அறுத்து வளையல் செய்யும் பட்டறையே இருந்தது. சங்குக் கழிவுதான் அங்கே குப்பை. சதையைத் தின்றார்களா என்பது தனிக் கேள்வி, ஓட்டுக்காகவே எடுத்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

திமிங்கிலம் பற்றி ஓர் எச்சரிக்கை. பிரான்சு, ஸ்பெயினின் பிஸ்கே விரிகுடா ஓரத்தில் 19,000 முதல் 20,000 ஆண்டு பழைய, திமிங்கில எலும்பில் செய்த கருவிகள் கிடைத்திருக்கின்றன. உடனே "திமிங்கில வேட்டை" என்று தலைப்புப் போடக் கூடாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் எண்பதுக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் தாமாகவே ஒதுங்கியதை நாம் பார்த்தோம். அன்றைக்கும் அப்படி ஒதுங்கியதிலிருந்து எலும்பை எடுத்திருக்கலாம், அதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

எவ்வளவு காலமாக?

தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயின்டில் சிப்பி தின்ற தடயம் சுமார் 1,64,000 ஆண்டு பழையது. போர்ச்சுகலின் ஃபிகெய்ரா பிராவா குகையில் நியாண்டர்தால் மனிதர்கள் 86,000 முதல் 1,06,000 ஆண்டுக்கு முன்பு நண்டு, சிப்பி, மீன், கடல்நாய் எல்லாம் தின்றிருக்கிறார்கள், நண்டோட்டில் சுட்ட கருப்புகூட இருக்கிறது. யானை வேட்டைப் படத்தை இனி ஓரமாக வைத்துவிடலாம். ஜெரிமலாயில் 42,000 ஆண்டுப் பழைய சூரை மீன் எலும்பு கிடைத்தது, ஆழ்கடலுக்கே போனார்களா, கரையோரம் வந்த குட்டிச் சூரையா என்பதில் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அப்போ எண்ணூரில்?

சுமார் 20,000 ஆண்டுக்கு முன்பு, பனியுகத்தின் உச்சத்தில், உலகத்துத் தண்ணீரில் இன்றைவிட அதிகப் பங்கு பனிப்பாறையாக உறைந்து கிடந்தது. கடல் மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே. இலங்கைக்கு நடந்தே போகலாம். நம் கரையும் இன்றைய காசிமேட்டுக்குக் கிழக்கே வெகு தூரம் தள்ளி இருந்தது. அப்புறம் பனி உருகிக் கடல் ஏறி, ஏழாயிரம், ஆறாயிரம் ஆண்டுக்கு முன்புதான் கிட்டத்தட்ட இன்றைய மட்டத்துக்கு வந்து நின்றது. அதற்கு முந்தைய கரையோர அடுப்பும் குப்பையும் தண்ணீருக்கடியில். (இதைக் கேட்டதும் "கண்டமே மூழ்கியது" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. மூழ்கியது கரையோரத் தாழ்நிலம், கண்டம் அல்ல.) பின்னக்கிள் பாயின்ட் போன்ற இடங்கள் தப்பியது, அவை செங்குத்துப் பாறையில் உயரத்தில் இருக்கும் குகைகள் என்பதால்தான். நம்முடையதோ தட்டையான மணல் கரை. துறைமுகம் கட்டிய பிறகு ராயபுரம் முதல் வடக்கே கடல் எத்தனை தெருவை விழுங்கியது, எவ்வளவு கல் கொட்ட வேண்டியிருந்தது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அத்திரம்பாக்கத்துக் கற்கள் உண்மைதான். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்ட இடம், அவர் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, 15 லட்சம் என்ற வயதும் 2011-இல் வெளியான முறையான ஆய்வு முடிவு. ஆனால் அது ஆற்றோரக் கைக்கோடரி. மீன் முள்ளோ சிப்பிக் குவியலோ சேர்ந்து கிடைக்காமல், ஆறு கடலில் கலக்கிறது என்பதை மட்டும் வைத்து மீன்பிடித் தொழிலை நிரூபிக்க முடியாது. தமிழ்நாட்டுக் கடலோரக் கற்கால மக்களைத் தேடுபவர்கள் தெற்கே தேரிக்காட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தூத்துக்குடி, திருச்செந்தூர் பக்கத்துச் சிவப்பு மணல் மேடுகளில் விரல் நுனி அளவுக் கல் கருவிகள், நுண்கற்கருவி என்பார்கள், ஏராளம். 1956-இல் சாய்னர், ஆல்சின் என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பற்றி விரிவாக எழுதினார்கள்.

இன்னொன்று. எண்ணூர்க் கழியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வலையே இல்லாமல், கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களை இப்போதும் பார்க்கலாம். அவர்களைப் பார்த்து "கற்கால மனிதர் மாதிரியே" என்று எழுதுபவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும், அவர்கள் இன்றைய மார்க்கெட்டுக்கு இன்றைய விலைக்கு இறால் விற்பவர்கள், அனல்மின் நிலையச் சாம்பலோடு மல்லுக்கட்டுபவர்கள். ஆனால் தொல்லியலுக்கு அந்தக் கை ஒன்றைச் சொல்லித் தருகிறது. கருவியே இல்லாமல் பிடிக்கலாம், பனையோலைப் பையில் போடலாம், இறாலை ஓட்டோடு சுட்டுத் தின்னலாம். பத்தாயிரம் ஆண்டு கழித்து அதில் ஒரு துரும்பும் மண்ணில் மிஞ்சாது. ஆகவே எண்ணூரில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை வைத்து, யாரும் கழியில் இறங்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது.